பலூனில் எத்தனை பேர்

போன் அதிர்ந்தபோது ரங்கா கூடத்தில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். மணி ஒன்பதே முக்கால். அப்பா கஸ்தூரிரங்கனின் உயிர் போய் அரை மணி ஆகியிருந்தது.

துருக்கியிலிருந்து அக்கா மாதவி படம் அனுப்பியிருந்தாள். விடிகிற வானத்தில் நூறு பலூன். கீழே, யாரோ ஈர மண்ணைப் பிடித்துப் பிடித்து வைத்த மாதிரி கூம்பு கூம்பாகப் பாறைகள். பின்னாலேயே அவள் குரல். இப்போதுதான் பலூனிலிருந்து இறங்கினாளாம், கால் இன்னும் நடுங்குகிறதாம், அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

உத்திரமேரூரில் அப்பாவைப் பதினோரு வருஷம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள் மாதவி. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டு, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறாள். மே லீவில் சக டீச்சர்களோடு ஒன்பது நாள் டூர். ஊரை விட்டு அவள் இத்தனை தூரம் போனது இதுதான் முதல் தடவை. அந்த ஒன்பது நாளைக்குத்தான் ரங்கா தாம்பரத்திலிருந்து வந்திருந்தான். மூன்றாம் நாளே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

எண்பத்திரண்டு வயசு, அதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. குற்றம் வேறு இடத்தில் இருந்தது. ஒன்பது மணிக்கு உள்ளேயிருந்து அப்பா ‘மாதவி’ என்று கூப்பிட்டார். வாசலில் ஆபீஸ் போனில் இருந்த ரங்கா, பழக்கத்தில் கூப்பிடுகிறார் என்று விட்டுவிட்டான். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். அப்போதும் போகவில்லை. பேசி முடித்து உள்ளே போனபோது அப்பாவின் ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மாதவி வந்தால் முதல் வேலையாக அதைத்தான் கேட்பாள், கடைசியில் என்ன சொன்னார் என்று. அழுகை வரவில்லை. அந்தக் கேள்விதான் வந்தது.

பத்தரைக்கு ஐஸ் பெட்டி கொண்டுவந்த குமரேசன், ஒயரைச் சொருகிவிட்டு நிமிர்ந்தான்.

“இன்னா சார், வெளியூர்லேர்ந்து யாராச்சும் வரணுமா? வரணும்னா சொல்லு, நாளைக்கும் பொட்டி இங்கயே இருக்கட்டும்.”

ரங்கா சித்தப்பா சத்யநாராயணனைப் பார்த்தான். கோயில் கைங்கர்யத்திலேயே தலை நரைத்தவர். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“யாரும் வரவேண்டாம். சாயங்காலமே எடுத்துடலாம். தீட்டுங்கறது காதுல விழுந்தாத்தான்டா. கேக்காதவரைக்கும் அவளுக்கு ஒண்ணும் கிடையாது. நன்னா சுத்திட்டு வரட்டும், பாவம்.”

பெட்டி ஒரு நாள் தாங்கினால் மாதவி வந்து முகம் பார்த்துவிடலாம். அது ரங்காவுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் திறக்கவில்லை. குமரேசன் தலையாட்டிவிட்டுப் போனான்.

போன் மறுபடி அதிர்ந்தது. ‘அப்பா என்ன சொன்னார்?’

உள்ளபடிக்கு அப்பா ஒன்றும் சொல்கிறவர் இல்லை. தாலுகா ஆபீசில் காகிதத்தோடு குடித்தனம் பண்ணிய மனுஷன். எதைக் காட்டினாலும் ஒரு ‘ம்’ போடுவார், அவ்வளவுதான். ரங்காவின் விரல்கள் தானாக நகர்ந்தன. ‘ஒரு பலூன்ல எத்தனை பேர்னு கேக்கறார்.’

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. இருபது பேர், கூடைக்குள் தடுப்புத் தடுப்பாக அறை, நடுவில் ஓட்டுகிறவர். எழுத்துக்கு எழுத்து சந்தோஷம். அதைப் படித்துவிட்டு ரங்கா சவரத்துக்குத் தலையைக் கொடுக்கப் போனான்.

மறுநாளிலிருந்து வீடியோ காலை எடுக்கவில்லை. மொட்டைத் தலையைக் காட்ட முடியாதே. சிக்னல் சரியில்லை என்றான், அப்பா தூங்குகிறார் என்றான், குளிக்கிறார் என்றான். பதிலுக்குக் கேள்விகளை அனுப்பினான். பூமிக்கடியில் எட்டு மாடிக்குக் குடைந்த ஊர் ஒன்றை அவள் காட்டினாள். அடுப்புப் புகை எந்த வழியாகப் போனது என்று அப்பா கேட்டார். கைடைப் பிடித்து, காற்றுக்கென்று வெட்டிய கிணறு போன்ற குழியைப் படமெடுத்து அனுப்பினாள் மாதவி. கொன்யாவில் வெள்ளைப் பாவாடை விரியச் சுழன்று சுழன்று ஆண்டவனைத் தேடுகிறவர்களைக் காட்டினாள். அவர்களுக்குத் தலை சுற்றாதா என்றார் அப்பா. பாமுக்கலேயில் மலையே சுண்ணாம்பாக வழிந்து உறைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெந்நீரில் நடந்தாளாம். உப்பு போட்ட மோரைப் பாட்டிலில் விற்கிறார்கள், அதை நம்பித்தான் உயிர் வாழ்கிறேன் என்று சிரித்தாள்.

இந்தப் பக்கம் தினமும் காலையில் வாத்தியார் வந்தார். தர்ப்பை, எள், ஜலம். சொன்ன இடத்தில் ரங்கா கையை வைத்தான். நடுவில் போன் அதிர்ந்தால், அடுத்து அப்பா என்ன கேட்பார் என்று மனசு ஓடியது. உயிரோடு இருந்த அப்பாவிடம் அவன் இத்தனை பேசியதில்லை.

திங்கட்கிழமை இஸ்தான்புல்லில் படகு. ஒரு கரை ஐரோப்பா, ஒரு கரை ஆசியா என்று எழுதியிருந்தாள். அப்படியானால் நடுவில் மிதக்கிற நீ எங்கே இருக்கிறாய் என்று அப்பாவைக் கேட்க வைத்தான். பதில் வரக் கொஞ்ச நேரமானது. எழுத்தில் வரவில்லை, குரலாக வந்தது.

“எனக்குத் தெரியலைன்னு அப்பாகிட்ட சொல்லு. ரங்கா, அப்பா என்னண்ட இவ்வளவு பேசினதே இல்லைடா. வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லணும்.”

ரங்கா அதை மூன்று தடவை கேட்டான். அப்போதும் அழுகை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் நாள், பதினோரு மணிக்கு வேன் வாசலில் நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் சித்தப்பா. ரங்கா போட்டுக்கொள்ளவில்லை. டீச்சர்களுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்பிய மாதவி, அவன் தலையைப் பார்த்தாள். டிரைவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

“என்னிக்கு?”

“புதன்கிழமை. காலம்பற ஒன்பதே கால்.”

அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். “அப்போ நான் மேலே இருந்தேன். பலூன்ல எத்தனை பேர்னு கேட்டது யாரு?”

“நான்தான்.”

“தலை சுத்தாதான்னு?”

“அதுவும் நான்தான்.”

“எல்லாமே நீயா?”

தலையாட்டினான். மாதவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா எதுவுமே கேக்கலையா?”

ஒரு வாரமாக அப்பாவுக்கு வார்த்தை போட்டுக் கொடுத்தவனுக்கு இன்னொன்று போடுவதா கஷ்டம்? அழகாக ஒன்று நாக்கு நுனியிலேயே இருந்தது. ரங்கா அதை விழுங்கினான்.

“உன்னைக் கூப்பிட்டார். ரெண்டு தடவை. நான் போன்ல இருந்தேன், எழுந்து போகலை. அதைச் சொல்ல பயந்துண்டுதான் உனக்குச் சொல்லலை. உன் டூருக்காக இல்லை.”

அவள் அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. காதில் விழுந்துவிட்டது, இனி தலை முழுகாமல் உள்ளே கால் வைக்க முடியாது. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு நடந்தாள். குழாயடியில், வேன் ஏசிக்குப் போட்டிருந்த கோட்டும் கைப்பையுமாகவே உட்கார்ந்தாள். ரங்கா கைப்பையை வாங்கி வைத்துவிட்டு வாளியை நிரப்பித் தலையில் ஊற்றினான். தண்ணீர் கோட்டில் தங்கித் தங்கி வழிந்தது.

“மூணாவது தடவை கூப்பிட்டாரா?”

“இல்லை.”

“ம்” என்றாள், அப்பா மாதிரியே. ரங்கா அடுத்த வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தான்.