வெண்டல் என்று கூப்பிட்டபோது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. லோர்னா ஹாஸ்கெட் நான் வேலை பார்க்கும் முகாம் அலுவலகத்துச் சன்னலுக்குள் தலையை நீட்டி, "நீதானே கதை எழுதுற ஆளு? என் புருஷனைப் பத்தி எனக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்று கேட்டதில் பிறந்தது. அந்தச் சன்னலில் கூடாரத்துக்கு இடம் கேட்பார்கள், விறகு கேட்பார்கள், கரடி வருமா என்று கேட்பார்கள். கதை கேட்டு யாரும் வந்ததில்லை. மறுத்திருக்க வேண்டும். ஆனால் எழுதுகிறவனை எழுத்தாளன் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பல்லை இளித்துவிடுவான். நானும் இளித்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

வெந்நீர் ஊற்றுகள் புகைந்துகொண்டிருந்த ஒரு செப்டம்பர் மாலையில், வெண்டல் ஹாஸ்கெட் என்னும் தச்சன்

அங்கேயே நின்றுவிட்டேன். 'காணாமல் போனான்' என்று முடித்தால் லோர்னா ஒருத்தி. 'இறந்தான்' என்று முடித்தால் வேறொருத்தி. அவளுடைய தலையெழுத்தை முதல் வாக்கியத்திலேயே எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

[கதை முழுக்க இந்தத் தயக்கம்தான். பொறுமை இல்லாதவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.]

2

லோர்னாவின் கணவன் வெண்டல் எங்கள் தேசியப் பூங்காவில், வெந்நீர் ஊற்றுகளுக்கு மேலே போட்ட பலகைப்பாதைகளைப் பழுதுபார்ப்பவன். அவன் இல்லாமல் போனது போன வருடம், குளிர்காலத்துக்காக முகாம்களை மூடும் நாளில்.

அன்று வேலை முடிந்ததும் பணியாளர்கள் எல்லோரும் ஆற்றில் இறங்குவது வழக்கம். கொதிக்கும் ஓடை ஒன்று வந்து குளிர்ந்த ஆற்றில் கலக்கிற இடம். அங்கே குளிக்க அனுமதி உண்டு. ஓடையோடு மேலே போகத்தான் கூடாது. அங்கே நிலம் அப்பளம் மாதிரி. காலை வைத்தால் உடைந்து கீழே கொதிநீர்.

குளிர்காற்றில் நீராவி அடர்ந்து எழும்பும். பக்கத்து ஆளின் முகம் தெரியாது. அதனால் கரையேறும் முன் ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிடுவார், ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். யாருடைய குரலாவது வரவில்லையென்றால் உடனே தேட வேண்டும். நல்ல ஏற்பாடுதான்.

[நல்ல ஏற்பாடு எதையும் கெடுக்க நண்பர்கள் இருப்பார்கள். ஒருவன் சிகரெட்டுக்கோ காதலுக்கோ நழுவிப் போயிருந்தால், இன்னொருவன் அவனுக்காக "இருக்கேன்" சொல்லிவிடுவான். கல்லூரியில் நீங்களும் செய்திருப்பீர்கள். எங்களிடம் அதற்குப் பெரிய நட்பு என்று பெயர்.]

3

நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். இது கர்ட் சொன்னது. குழாய்ப் பிரிவின் மேற்பார்வையாளன் அவன். பெயர் கூப்பிட்டதும் அவன்தான்.

"டேய் வெண்டல்! இருக்கியா, இல்ல வெந்துட்டியா?"

"இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கரையேறித் துவட்டிக்கொண்டு, பீர் குடித்து, வண்டியில் ஏறும்போதுதான் வெண்டல் இல்லை என்பது தெரிந்தது.

அவனுடைய வண்டி முகாமில் நின்றது, சாவியோடு. எங்கள் முகாமில் எல்லோரும் சாவியை வண்டியில்தான் விட்டு வைப்போம், அதில் ஒரு துப்பும் இல்லை. ஓடைக்கு மேலே ஓர் ஊற்றின் விளிம்பு புதிதாக உடைந்திருந்தது. அதுவும் வாரத்துக்கு ஒன்று உடையும். அந்த ஊற்றில் விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது, தேடவும் முடியாது.

அப்படியானால் பதில் சொன்னது யார்?

"சத்தியமா நான் இல்ல" என்றார்கள் எல்லோரும். சமையற்கூடத்துத் தெரேசா, "என் தோள்கிட்டதான் கேட்டுச்சு, பக்கத்துல நின்ன யாரோன்னு நினைச்சேன்" என்று கர்ட்டிடம் சொன்னாள். கர்ட்டோ, "எனக்கு முதுகுக்குப் பின்னால" என்றான். கேட்ட ஒவ்வொருவருக்கும் அது மிக அருகில் கேட்டிருக்கிறது. ஒருவருக்கும் அது வெண்டலின் குரல் என்றோ இல்லையென்றோ உறுதியாகத் தெரியவில்லை.

4

இரண்டு முடிவுகள் எழுதி லோர்னாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் ஒரு நண்பன் வழக்கம்போலப் பதில் சொல்கிறான். வெண்டல் அதற்கு முன்பே ஊற்றுக்குள் போய்விட்டான். நண்பன் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறான்.

"அப்ப செத்துட்டான்" என்றாள் லோர்னா.

இரண்டாவதில் பதில் சொன்னது வெண்டலேதான். சொல்லிவிட்டு நீராவிக்குள்ளேயே நடந்து, எதிர்க்கரையில் ஏறி, நெடுஞ்சாலையில் ஏதோ ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்துகிறான்.

"அப்ப என்னை விட்டுட்டுப் போயிட்டான்."

"லோர்னா, உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க. அதையே எழுதிடறேன்."

"எதைப் படிச்சாலும் மத்தது தேவலைன்னு தோணுதே. நான் என்ன பண்ண? வீட்ல அவன் கோட்டு மாட்டியிருக்கு. யாருக்காவது எடுத்துக் குடுத்துடறதா, துவைச்சு வைக்கிறதான்னுகூடத் தெரியல. அது தெரியணும், அவ்வளவுதான்" என்றாள்.

மூன்றாவது முடிவும் ஒன்று வைத்திருந்தேன். அதில் பதில் சொன்னது நண்பனும் இல்லை, வெண்டலும் இல்லை. தாளை எடுத்தபோதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதைப் படிக்காத" என்றாள்.

5

இந்த வருடமும் மூடும் நாள் வந்தது. லோர்னாவும் எங்களோடு நீரில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கர்ட் பெயர்களைக் கூப்பிட்டான், கிண்டல் இல்லாமல். தெரேசா இருந்தாள். நான் இருந்தேன். எல்லோரும் இருந்தோம்.

"அவன் பேரையும் கூப்பிடு" என்றது லோர்னாவின் குரல்.

"வேண்டாம் லோர்னா. வா, கரையேறலாம்."

"கூப்பிடுடா."

கர்ட் கூப்பிட்டான்.

"வெண்டல்."

ஓடை கொதிக்கும் சத்தம் மட்டும். அவளுக்காக ஒருவர் இரக்கப்பட்டு வாயைத் திறந்தாலும் போயிற்று என்று எனக்குப் பதறியது. என் வாயும் திறந்துதான் இருந்தது. அப்போது என் இடப்பக்கம், காதுக்கு மிக அருகில், யாரோ பேசுவதற்காக மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. வரிசையின் இடது ஓரத்தில் நின்றவன் நான். என் இடப்பக்கம் யாருமில்லை.

அந்த மூச்சு

[இதற்குப் பிறகு பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். என்னால் ஆகவில்லை. அடுத்த வரி உங்களுடையது. லோர்னா கழுத்தளவு வெந்நீரில் காத்திருக்கிறாள். உங்கள் முகம் அவளுக்குத் தெரியப்போவதில்லை. "இருக்கேன்" என்று சொல்லலாம், சும்மாவும் இருக்கலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எதுவானாலும் அவள் நம்பிவிடுவாள்.]