கடலைத் தாங்கும் கருவி

"நெடுந்தீவுச் சனத்தை இந்தப் பரிசோதனையில சேர்க்க வேண்டாம், மிதுஷா. படகில அடிக்கிற உப்புத்தண்ணிக்கு எங்கட கருவி தாங்காது."

கணநாதன் சொன்னதைக் கேட்டு மிதுஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் தொடங்கிய சின்ன நிறுவனம், இடுப்பில் கட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்ப் ஒன்றை மலிவாகச் செய்ய முயன்றுகொண்டிருந்தது. மிதுஷா அங்கே பொறியியலாளர். பிறந்தது நெடுந்தீவு, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நீரிழிவு.

"தாங்காட்டி கருவியை மாத்துவம் சேர். சனத்தை ஏன் வெட்டுறியள்?"

"பட்டினத்தில நல்லா வேலை செய்யுது. அது காணும்."

"எனக்குக் காணாது."

அந்த வாரமே பம்பைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகேறினாள். சோளகக் காற்று கடலைக் கிளப்பியிருந்தது. எல்லோரும் உள்ளே ஒடுங்க, அவள் வேண்டுமென்றே முன்பக்கம் போய் இருந்தாள். நடுக்கடலில் ஓர் அலை தலையோடு குளிப்பாட்டியது. பம்ப் கீச்சிட்டு நின்றுபோனது. விரலில் குத்தி இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தாள். காலையில் சாப்பிட்ட இடியப்பம் சீனியை ஏற்றியிருந்தது. பையிலிருந்து ஊசிப் பேனையை எடுத்துச் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

பக்கத்தில் இருந்த பெண் பதறினாள். "பிள்ளை, ஆம்பிளையள் பாக்கினம். மறைவாப் போய்க் குத்தும். நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமே?"

பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்குள் ஒளிந்து நின்று குத்திய நாள்கள் நினைவில் வந்தன.

"எனக்கு நீரிழிவு, அக்கா. மருந்து ஏத்துற பெட்டி நனைஞ்சு நிண்டுபோச்சு. நான் களவெடுக்கேல்லை."

எல்லோரும் பார்க்கக் குத்தினாள். பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்: "எனக்கும் அதுதான். உந்தப் பெட்டி எங்களுக்கு எப்ப பிள்ளை வரும்?"

"இதுக்கு முதல்ல நனையப் பழக்கோணும், ஐயா."

யாழ்ப்பாணம் திரும்பிப் பம்பைத் திறந்து பார்த்தாள்; பொத்தான்களின் அடியால் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அவற்றை எடுத்துவிட்டு, மேற்பக்கம் முழுவதையும் அழுத்தினால் வேலை செய்யும் ஒரே றப்பர் தகட்டால் மூடினாள். அடுத்த பயணத்தில் இரண்டாவது பம்ப், பற்றரி மூடியால் உப்புநீர் புகுந்து செத்தது. "காணும், விடும்" என்றார் கணநாதன். அவள் விடவில்லை; அந்த மூடிக்கும் றப்பர் வளையம் போட்டாள். மூன்றாவதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது, தானும் வருவதாகச் சொல்லி அவரே வந்து படகில் ஏறினார்.

அலைக்கு மேல் அலை. கணநாதன் சத்தியெடுத்து, நனைந்த கோழிபோல் மூலையில் கிடந்தார்.

"வேலை செய்யுதோ?"

"ஓம் சேர்."

அவர் முகத்தைத் துடைத்தார். "அப்ப நெடுந்தீவுச் சனத்தையும் சேர்ப்பம். அவைக்குச் சொல்லிவிடும்."

"முதல் நாள் படகிலயே சொல்லிப்போட்டன்" என்றாள் மிதுஷா.