நுனிக்குத் தெரியாது

1

"வீட்ல தலைக்கு என்னக்கா போடுறீங்க?"

"நான் எதுவும் போடுறதில்ல. அவர்தான் போட்டு விடுவார்."

"என்ன போடுவார்?"

"எண்ணெய். லேசாச் சுட வச்சு."

"நிறுத்தச் சொல்லுங்க. காதுக்குப் பின்னாடி பொருக்குத் தட்டியிருக்கு. டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க."

"பாக்கலாம்."

"இதுல பாக்க என்னக்கா இருக்கு? வேண்டாம்னு ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா…"

இந்தக் கதை இங்கிருந்துதான் வந்தது. முடி வெட்டும் கடையில், பக்கத்து நாற்காலியில் ஈரத் தலையோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். அவள் சொல்லி முடிப்பதற்குள் முடி வெட்டுகிற பெண் உலர்த்தும் மெஷினைப் போட்டுவிட்டாள். மிச்ச வாக்கியம் சூடான காற்றில் போய்விட்டது. அதைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் நானாகச் சொல்வது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கார்மேகம் போன்ற அவளது கூந்தலிலிருந்து—"

(அடித்துவிட்டேன். மேகத்திலிருந்து பொடுகு உதிர்ந்தால் நன்றாகவா இருக்கும்?)

இரண்டாவது தொடக்கம்: அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வருகிறவர்களின் மூக்கில் புதுக் கண்ணாடியை அவளே மாட்டி, காதோரம் சரிசெய்து, "நல்லாத் தெரியுதா?" என்று கேட்பாள். புதிதாகக் கண் தெளிந்தவர்கள் முதலில் பார்ப்பது எதிரில் இருக்கும் கறுப்புத் தோளைத்தான். அதில் வெள்ளையாகப் பொடிப்பொடியாகக் கிடப்பதைத்தான்.

"எல்லாம் நல்லாவே தெரியுதும்மா" என்பார்கள், பார்வையை வேறு பக்கம் திருப்பி. அவளுக்குக் காது மடல் சுடும்.

இது இருக்கட்டும்.

3

கணவர் தையல் மெஷின் மெக்கானிக். கிறீச்சென்று கத்துகிற எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். கதவுக் கீல், மின்விசிறி, மகளின் சைக்கிள் செயின் எல்லாம் எண்ணெய் வாங்கி வாயை மூடியவை. கல்யாணமான புதிதில் அவளுடைய சுருட்டை முடியைத் தொட்டுப் பார்த்து, "இப்படிக் காஞ்சு கிடக்கே" என்றார்.

"மெஷினுக்கும் எனக்கும் ஒரே வைத்தியமா?"

"மெஷினுக்கு வேற எண்ணெய்" என்றார், சிரிக்காமல்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'சுருள்'. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணெய்.

கொஞ்ச வருஷமாகத்தான் தலை அரிக்கிறது. அவள் திங்கட்கிழமை காலையில் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, இருப்பதிலேயே காட்டமான ஷாம்பூவைப் போட்டு எண்ணெய் முழுவதையும் பிடிவாதமாகக் கழுவுவாள். குளித்து வந்ததும் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நேத்து எண்ணெய் பத்தல" என்பார். அடுத்த வாரம் கூடுதலாக ஊற்றுவார். அதைப் போக்க அவள் இன்னொரு முறை ஷாம்பூ போடுவாள். முடி இன்னும் காயும். அவர் இன்னும் ஊற்றுவார்.

(இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஒருவருக்கொருவர் நல்லது செய்துகொண்டிருந்தார்கள்.)

4

தோல் டாக்டரிடம் தனியாகப் போனாள். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்தார்.

"எல்லார் தலையிலயும் இருக்கிற பூஞ்சைதான். உங்களுக்கு அது ஒத்துக்கல. எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு. நீங்க வாரா வாரம் விருந்து வைக்கிறீங்க."

"முடி காயுதே டாக்டர்."

"முடி வேற, தோல் வேற. காயுதுன்னா நுனியில ரெண்டு சொட்டுத் தடவுங்க. வேர்ல வேண்டாம். மருந்து ஷாம்பூ எழுதித் தரேன், போட்டதும் கழுவிடாம கொஞ்ச நேரம் விடுங்க."

நியாயமான யோசனை. இங்கேயே கதையை முடித்திருப்பேன். அவள்தான் விடவில்லை. பஸ்ஸில் வரும்போது தன் பின்னல் நுனியைக் கையில் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். இழுத்தும் பார்த்தாள். யார் தடவினாலும் நுனிக்கு ஒன்றும் தெரியாது.

5

இப்போது கணவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷமாக ஒன்றும் தெரியாதவரா? அவரை அசடாக்கிவிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கும் வேலை சுலபம். ஆனால் அவள் சிரிக்க மாட்டாள். அதனால் அவரைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

அவர் பேச மாட்டார். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நிற்பவர்; வீட்டிலும் 'ம்' தான். மகள் வெளியூரில் விடுதியில் சேர்ந்த பிறகு அந்த 'ம்'மும் குறைந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவள் கீழே உட்கார்ந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து விரல்கள் வேரில் இறங்கியதும், எங்கிருந்தோ பேச்சு வரும். முகத்துக்கு நேரே சொல்ல வராததெல்லாம் உச்சந்தலைக்குச் சொல்ல வரும். யார் விரலில் ஊசி ஏறியது, மகள் போன் செய்யாத அன்று தனக்கு எப்படி இருந்தது, கண் மங்குகிறது, நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரியிடம் இதை அவர் எண்ணெய்க் கையோடுதான் சொன்னார்.

எண்ணெயை நிறுத்தினால் இதுவும் நிற்கும். காற்றில் போன வாக்கியத்தின் மிச்சம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

6

முடிவுகள்.

அ) எண்ணெய் பாட்டில் கை தவறி உடைகிறது. (மறுநாளே அவர் வேறு வாங்கி வந்துவிடுவார். போதாததற்கு யாராவது வழுக்கி விழுவார்கள்.)

ஆ) டாக்டரே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். (மெக்கானிக், சொன்னதைக் கேட்பவர். எண்ணெயோடு நாற்காலியையும் ஓரம் கட்டிவிடுவார். அதற்குத்தானே அவள் பயப்படுகிறாள்?)

இ) அவள் கடைசி வரை சொல்லாமல் சொறிந்துகொண்டே—

இல்லை. அந்தத் தலையைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவள் நான். என்னால் முடியாது.

7

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை. கிண்ணத்தில் எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கிறது. அவர் முதல் கையை வைக்கிறார்.

"இன்னைக்கு ஒரு மெஷின், சுருள். அப்படியே உன்னைய மாதிரி. என்ன பண்ணாலும்—"

விரல் காதுக்குப் பின்னால் நிற்கிறது. பொருக்கு பெயர்ந்து, நகத்தில் சிவப்பாக ஏதோ.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ரத்தம். நான் கீறிட்டேனா?"

"இல்லீங்க, அது முன்னாடியே—"

"எத்தனை நாளா வலிக்குது?"

அவர் இரண்டு கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவளுக்குத் தெரிந்தது. தழும்பும் காய்ப்புமாக இருந்த கைகள்.

"மெஷின் பாக்குற கைம்மா இது. முரட்டுக் கை. இதை உன் தலையில வச்சதே தப்பு. இனிமே பார்லர்ல போட்டுக்க."

துணியை எடுத்துக் கைகளைத் துடைக்கிறார். பாட்டில் மூடியைத் தேடுகிறார்.

(இங்கே நான் நீண்ட நேரம் எழுதாமல் இருந்தேன். பூஞ்சை, எண்ணெய், நுனி, வேர் எல்லாவற்றையும் அவள் வரிசையாக விளக்குவதுபோல ஒரு பக்கம் எழுதி, கிழித்தேன். மூடி திருகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கடைசியில் அவர் என்ன செய்தார் என்பதையும் எழுதவில்லை. எண்ணெய் இல்லாத கைக்குப் பேச்சு வருமா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அவளுக்காக இதுவரைதான் வர முடியும்.)

அவள் திரும்பவில்லை. அவருக்கு உச்சந்தலையோடு பேசித்தான் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும். கையைப் பின்னால் நீட்டி, துடைத்து முடித்த அவர் விரல்களைப் பிடித்தாள்.

"ஏங்க. எண்ணெய்தான் எனக்கு ஒத்துக்கல. கை வேணும். சும்மா கையை மட்டும் வச்சுக்கிட்டு அந்த மெஷின் கதையைச் சொல்லுங்க."