பாயிண்ட் சொல்பவர்

எதையும் இரண்டு முறை எழுதினால்தான் அவளுக்கு எழுத்து வரும். முதல் முறை எழுதுவது, நெடுநேரம் மூடியிருந்த குழாயைத் திறந்தது போலக் கலங்கலாகத்தான் வரும். அதை ஓடவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் தெளிந்து வரும். இதில் தப்பு ஒன்றுமில்லை. கலங்கலைத் தன் பெயரிலும் தெளிவைப் புருஷன் பெயரிலும் கொடுத்துக்கொண்டிருந்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

இருவரும் மாலை நேரக் கல்லூரியில் படித்தார்கள். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அவனுக்கு வண்டி உதிரிபாகக் கடையில் கவுண்டர் வேலை; பட்டம் வாங்கினால் கிளை மேலாளர் ஆக்குகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். இருவருக்கும் ஓய்வு நாள் வேறு வேறு என்பதால் வகுப்புப் பிரிவும் வேறு, ஆசிரியரும் வேறு. கட்டுரைத் தலைப்பு மட்டும் ஒன்றே. அவள் பிரிவு முதலில் கொடுக்க வேண்டும், அவன் பிரிவு அடுத்த வாரம்.

"இந்த ஒண்ணு மட்டும் எழுதிக் குடேன். கடையில நின்னு நின்னு இடுப்பு போச்சு" என்றுதான் ஆரம்பித்தான். அந்த 'மட்டும்' படிப்பு முடிகிறவரை ஓடியது. "நான் பாயிண்ட் சொல்றேன், நீ எழுது" என்று சோபாவில் சாய்ந்துகொள்வான். என்ன பாயிண்ட் தெரியுமா? "நல்லா இருக்கணும். கடைசியில மனசுல நிக்கிற மாதிரி ஒரு வரி வேணும்." அவ்வளவுதான். அதற்குள் குறட்டை வந்துவிடும்.

எனக்குத் தேறினால் போதும், அவருக்குத்தானே பதவி உயர்வு என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். யாரும் அவள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

கடைசிப் பருவத்தில் வந்தது வினை. இதுவரை எழுதியவற்றை எல்லாம் திரட்டி, ஆளாளுக்கு இணையத்தில் ஒரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ கட்ட வேண்டும் என்றார்கள். இரண்டு பிரிவையும் தலைமைப் பேராசிரியையே படிப்பார். சிறந்த தொகுப்புக்காரருக்குக் கல்லூரியின் எழுத்து உதவி மையத்தில் வேலை. மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும். அந்த அறையை அவள் கண்ணாடிக் கதவு வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அந்த நாற்காலிக்காக உயிரை விட்டாள் என்றே சொல்லலாம். தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "டாக்டர் இப்ப வந்துடுவார்" என்று பொய் சொல்லியே காலம் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, தன் கோப்புறையையும் அவன் கோப்புறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். 'எனக்குத் தெரிந்த ஓர் இடம்' என்ற தலைப்புக்கு இரண்டு பேர் பெயரிலும் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையைத்தான் எழுதியிருந்தாள். அவளுடையது நாற்காலி எத்தனை, விளக்கு எப்படி என்று கடமைக்கு எழுதியது. அவனுடையதில், வேலை முடிந்த மனைவியை அழைத்துப்போக வந்த ஒருவன் அங்கே உட்கார்ந்து அவளைப் பார்க்கிறான். 'எல்லோருக்கும் சிரிக்கிறாள். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்கிறாள். வீட்டுக்கு ஒன்று மிச்சம் இருக்குமா என்று காத்திருக்கிறேன்.' அவன் ஒருநாளும் அழைத்துப்போக வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"ஏங்க, அந்த வேலைக்கு நீங்க போட வேணாங்க" என்றாள். "உங்களுக்குத்தான் கடையில பதவி காத்துக்கிட்டிருக்கே. என்னுதை ரெண்டாந்தடவை உக்காந்து திருத்தி, நான் போடுறேன்."

"எனக்கெதுக்கு அந்த வாத்தியார் வேலை? நீ போடு" என்றான், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நம்பினாள். அவன் தொகுப்பையும் அவளே கட்டினாள். முகப்பு, படம், பொருளடக்கம் எல்லாம். கடைசியில் 'வேலைக்கும் பரிசீலிக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டு, "அனுப்புறது மட்டும் நீங்க பண்ணிடுங்க" என்று லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள். பிறகு தன் கட்டுரைகளைத் திருத்தப் பார்த்தாள். எப்படித் திருத்தினாலும் அவன் பெயரில் ஏற்கெனவே இருப்பதுதான் வந்து நின்றது. தெளிந்த தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாயிற்று, இன்னொரு குடத்துக்கு எங்கே போவாள்? இருந்ததையே அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியை இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு திரைகள். ஒன்றில் அவள், ஒன்றில் அவன்.

"ஒரே வீட்டுல இருக்கீங்க, புரியுது" என்றார் அவளிடம், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "அவர் எழுதி வச்ச வரைவைப் பார்த்துட்டு, அவருக்கு முந்திக் குடுத்திருக்கீங்க. ஒரு கட்டுரை இல்ல, எல்லாமே. கருத்து அதேதான், உயிர் மட்டும் இல்ல. இந்தக் காத்திருப்பு அறையையே பாருங்க. நீங்க அங்கதான் வேலை பாக்குறீங்க, உங்க கண்ணுல படாதது அவர் கண்ணுல பட்டிருக்கு. உங்களை எவ்வளவு கவனிச்சிருக்கார்! குடுத்து வச்சவங்க நீங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தால் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பட்டமும் ரத்தாகும் என்பது கல்லூரி விதி. வாயைத் திறந்தால் இரண்டு பேர் படிப்பும் மண். திறக்காவிட்டால் அவள் திருடி.

"தப்பு என் பேர்லதான் மேடம்" என்றான் அவன். அவளுக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது. "நான்தான் உதவியா இருக்கட்டுமேன்னு காட்டிட்டேன். அவ மேல நடவடிக்கை எதுவும் வேணாம் மேடம், பாவம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவன் தோட்டத்தையே மறைத்தான். பேராசிரியைக்குக் கண் கலங்கியேவிட்டது. "பெரிய மனசு சார் உங்களுக்கு. இவங்களுக்குப் பாஸ் மார்க் போட்டு விட்டுடறேன். நீங்க விண்ணப்பிச்ச மைய வேலை உங்களுக்குத்தான். வாழ்த்துகள்."

விண்ணப்பித்த வேலை. அந்தக் கட்டத்தில் அவன் டிக் போட்டிருக்கிறான்.

பேருந்தில் ஜன்னலோரம் அவனே உட்கார்ந்தான். "கோவிச்சுக்காதே. கட்டம் இருந்துச்சு, போட்டுப் பாப்போமேன்னு போட்டேன். யாருக்குக் கெடைச்சா என்ன, ஒரே வீடுதானே?"

"அந்தச் சிரிப்பைப் பத்தின வரி..." என்று ஆரம்பித்தாள்.

"ஆமா, மேடமே அசந்துட்டாங்க" என்றான் அவன். "நல்லா எழுதியிருந்தேன்ல?"

அவன் நடிக்கவில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. நிஜமாகவே தான் எழுதியதாக நம்பிவிட்டான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது. வீடு போய்ச் சேர்வதற்குள் நாத்தனாரின் போன். "அண்ணனுக்கு எழுத்து ரத்தத்துலயே இருக்கு அண்ணி. நீங்களும் கூட இருந்து கத்துக்கோங்க."

அவன் மையத்தில் சேர்ந்த முதல் நாள், மருத்துவமனை மேசையில் அவள் கைப்பேசி அடித்தது.

"கொஞ்சம் அவசரம்" என்றான், குரலைத் தாழ்த்தி. "ஒரு பொண்ணு கட்டுரையோட வந்து எதிர்ல உக்காந்திருக்கா. தண்ணி குடிச்சிட்டு வரேன்னு வெளிய வந்திருக்கேன். உனக்குப் போட்டோ அனுப்பியிருக்கேன், எங்க திருத்தணும்னு சட்டுனு சொல்லு."

அவள் படத்தைப் பார்த்தாள். முதல் பத்தியை எடுத்துவிட்டு மூன்றாவதில் தொடங்கினால் போதும், பார்த்ததுமே தெரிந்தது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்துக் காட்ட வேண்டும் போலக் கை துடித்தது. சொல்லிவிடலாமா என்றுகூட வாயெடுத்தாள்.

"இருக்கியா? சொல்லு" என்றான் அவன்.

"இந்தத் தடவை நீங்க எழுதுங்க" என்றாள். "நான் பாயிண்ட் சொல்றேன்."

"சரி சரி, சொல்லு. பேனா எடுத்துட்டேன்."

"நல்லா இருக்கணும். கடைசியில மனசுல நிக்கிற மாதிரி ஒரு வரி வேணும்."

அவள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தாடையைப் பிடித்தபடி அடுத்த ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ முயன்றும் அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு வரவில்லை.