எட்டில் முடியாத நானூற்றுப் பன்னிரண்டு பேர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஒப்புதல் படிவத்தால் கிடைத்தது. நான் வயிற்றுப்பாட்டுக்குப் படிவங்களைத் தமிழாக்குகிறவன். ‘இந்த ஆய்வில் பங்குபெறுவதால் தங்களுக்கு நேரடிப் பலன் ஏதும் இல்லை’ என்ற வரி என்னுடையது. நான் எழுதியதில் அதிகம் பேர் கையெழுத்துப் போட்டது அதன் கீழேதான். அப்படியொரு வேலையாகச் சேலம் போனபோது தனப்பிரியா இதைச் சொன்னார். “பேரை மாத்திக்கோங்க. நம்பரை மட்டும் மாத்தாதீங்க” என்றார். தனப்பிரியா அவர் பெயர் அல்ல.

2

முதல் தொடக்கம்: ‘சங்ககிரி லாரிப்பேட்டையில் வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தபோது—’

(விட்டுவிட்டேன். தனப்பிரியாவுக்கு ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை.)

இரண்டாம் தொடக்கம்: தனப்பிரியா மருத்துவப் புள்ளியியலாளர். பதினேழு வருட சர்வீஸ். ராசிபுரத்தில் தறிக்காரக் குடும்பம். சொந்தக்காரர் கல்யாணங்களில் இன்னும் இப்படித்தான் நடக்கிறது:

“டாக்டருங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப நர்சுங்களா?”

“இல்லைங்க. நோயாளிங்களோட கணக்கப் பாக்கறனுங்க.”

“ஓ, பில்லு போடறீங்களா.”

அதோடு அவர் பந்திக்குப் போய்விடுவார். இதுவரை இருபத்தாறு ஆய்வுக் கட்டுரைகள், எல்லாவற்றிலும் ஐந்தாவது பெயர். (ஒருமுறை நான்காவது. அச்சுப்பிழை.)

3

லாரி ஓட்டுநர்களின் ரத்த அழுத்தம் பற்றி ஓர் ஆய்வு. சங்ககிரியில் அளவு எடுத்தவர் சென்றாயன், வயது ஐம்பத்திரண்டு. முன்னாள் டிரைவர், ராத்திரிப் பார்வை மங்கியதால் வண்டியை விட்டு இறங்கியவர். வேறு யார் போனாலும் கை நீட்டாத டிரைவர்கள் அவரிடம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

மெஷின் காட்டும் அளவுகளில் கடைசி இலக்கம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏறக்குறையச் சமமாக வரவேண்டும். மனிதர் கைவைத்தால் அது ஒரு பக்கம் சாயும். தனப்பிரியா வழக்கம்போல் எண்ணிப் பார்த்தார். மற்ற இலக்கங்கள் எல்லாம் நாற்பது சொச்சம். ஒன்பது மட்டும் எண்பத்து மூன்று. எட்டு ஒன்றுகூட இல்லை.

4

(இங்கே சென்றாயனை ஃபிராடாக்க நினைத்தேன். டீக்கடையில் உட்கார்ந்தபடியே அத்தனை அளவையும் கற்பனையாக எழுதியவர் என்று. கதை சூடு பிடித்திருக்கும். ஆனால் கற்பனையாக எழுதுகிறவன் எட்டையும் கொஞ்சம் தூவி வைப்பான். தொழில்ரீதியாக எனக்குத் தெரியும்.)

5

தனப்பிரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சங்ககிரி போனார்.

“எட்டு எங்கீங்க?”

சென்றாயன் மறைக்கவில்லை. “அளவு எழுதுன சீட்டச் சட்டப் பையில வெச்சுக்கிட்டுத்தான் வண்டி எடுப்பாங்க மேடம். நாக்பூர் போறவன் கையில எட்டக் குடுத்து அனுப்ப முடியுங்களா? நம்பர் பிளேட்லயே எட்டு வரக்கூடாதுன்னு மாசக்கணக்குல காத்திருக்கறவங்க. ஒன்னே ஒன்னு கூட்டி ஒம்பதாக்கிருவனுங்க.”

“அது தப்புங்க.”

“நூத்தி முப்பத்தெட்டு முப்பத்தொம்பது ஆச்சு. நாப்பதத் தொட்டாத்தான மாத்திரைன்னு சொன்னீங்க? ஒருத்தனையாச்சும் தொட உட்டிருக்கனா?”

இல்லை. தனப்பிரியா முன்பே போட்டுப் பார்த்துவிட்டார். மொத்த சராசரி ஏறியது ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த எண்பத்து மூன்று ஒன்பதுகளில் பாதி எட்டு. எந்தப் பாதி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் விதி விதிதான். தெரிந்தே திருத்தியவர் எடுத்த அளவுகள் மொத்தமும் நீக்கம். அவர் வேலையும் போகும். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் போனால், டிரைவர்களுக்காக லாரிப்பேட்டையில் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கும் மாத்திரை அறைக்கு ஆதாரமே இல்லை.

6

(சென்றாயனுக்குக் கல்யாணமாகாத மூன்று பெண்கள் என்று எழுதினால் நீங்கள் சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அவருக்கு ஒரே மகன், ஓசூரில் நன்றாக இருக்கிறான். ஆனாலும் லாரியை விட்டு இறங்கிய மனிதரைப் பேட்டையை விட்டும் இறக்கினால் காலையில் எழுந்து எங்கே போவார்? நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.)

7

கிளம்பும் முன் தனப்பிரியா தன் கையை நீட்டினார். மெஷின் முகம் சென்றாயன் பக்கம் இருந்தது. அவர் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 139.

“நெசமாலுமே ஒம்பதுங்களா?”

சென்றாயன் அவர் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தார்.

“பாத்துப் போங்க சாமி.”

தனப்பிரியாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. வெட்கம் வந்தது பைபாஸ் ஏறிய பிறகுதான். சீட்டைப் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

9

ஆய்வு முடிந்ததும் தனப்பிரியா நிரப்பித் தரவேண்டிய அறிக்கைப் படிவத்தின் கடைசிக் கேள்வி: ‘தரவுகள் எவையேனும் திருத்தப்பட்டுள்ளனவா? ஆம் / இல்லை.’ (தமிழாக்கம் நான்.) நாளை கடைசி நாள். அவர் என்னிடம் சொன்னது இதுவரைதான்.

‘ஆம்’ போட்டு ஒரு முடிவு எழுதினேன். சென்றாயன் மெஷினைத் துடைத்து, வயரைச் சுருட்டி, பெட்டியில் வைத்து நீட்டுகிறார். தனப்பிரியா வாங்கிக்—

‘இல்லை’ போட்டும் எழுதினேன். இருபத்தேழாவது கட்டுரை, ஐந்தாவது பெயர். அதற்குப் பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் சந்தேகம் வருவது தன் மேல்—

நம்பரை மாற்றாதீர்கள் என்று சொல்லித்தான் கதையைக் கொடுத்தார். பகுதி எண்களைப் பாருங்கள். ஏழுக்கு அடுத்து ஒன்பது போட்டிருக்கிறேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு மனிதரின் பிழைப்பு முடிவாகும் இடத்தில் அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை.

ஆக, தெரிந்தே திருத்தியவன் நான். விதிப்படி நான் எழுதியது மொத்தமும் நீக்கம். டிக் அடிக்கும் தகுதி இப்போது உங்களுக்குத்தான் இருக்கிறது, உங்கள் வண்டி நம்பரை நான் கேட்கவில்லை. படிவம் இதோ. நாளை மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தால் போதும்.