பித்தளைத் தகட்டிலிருந்த பெயர்

நான் குடியேறிய லில்லெஸ்ட்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில், பழைய விமானங்களைப் பொழுதுபோக்காகத் திருத்துகிற சங்கமொன்று இருக்கிறது. அதில் நான் ஒருவன்தான் தமிழன். 2006இல் ஒரு பண்ணைக் கொட்டிலிலிருந்து எங்களுக்கு ஜிப்சி மேஜர் எஞ்சின் ஒன்று வந்தது. முப்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. நாலு சிலிண்டரும் வௌவால்போலத் தலைகீழாகத் தொங்கும். பயிற்சி விமானத்தின் மூக்கிலிருந்து எத்தனையோ பேரைப் பறக்கப் பழக்கியது. 1940இல் ஜெர்மன்காரர் இந்த நாட்டைப் பிடிக்க வந்தபோது ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி அந்தக் கொட்டிலின் வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டார். பிறகு அவர் பிடிபட்டார், திரும்பி வரவில்லை.

எஞ்சினின் பக்கத்தில் உள்ளங்கையளவு பித்தளைத் தகடு, கறுத்துப்போய்க் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? கோயில் திருவிழாவுக்குக் குத்துவிளக்குத் தேய்ப்பது வருடா வருடம் என் பொறுப்பு. வீட்டிலிருந்து பழப்புளியும் உப்பும் கொண்டுபோய் அரை மணித்தியாலம் தேய்த்தேன். தகடு பளபளத்தது. எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் சங்கத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த மெக்கானிக்கின் மகன் எட்வேட் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம், அப்பாவின் கையெழுத்தைப் பார்க்க. ஒளித்த அன்று தகட்டில் பென்சிலால் பெயரும் திகதியும் எழுதினாரென்று பண்ணைக்காரரின் மகள் சொன்னாளாம். அதுவரை எங்கள் எவருக்கும் அது தெரியாது. அப்பா பிடிபட்டபோது எட்வேட் கைக்குழந்தை. அப்பா கைப்பட எழுதியது வேறொன்றும் அவரிடம் இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

"நீங்கள் வாய் திறக்காதேங்கோ," என்றாள் மனைவி பூமணி. "அறுபத்தாறு வருசம். தன்பாட்டிலை அழிஞ்சு போச்செண்டு நினைக்கட்டும்."

"ஓம், நான் ஒண்டும் கதைக்கமாட்டன்," என்றேன். சொன்னேனே தவிர, சோறு இறங்கவில்லை.

எட்வேட் கழுத்துப்பட்டி கட்டி, பூதக்கண்ணாடியோடு வந்தார். தகட்டின்மேல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இவ்வளவு காலத்தில் அழிந்திருக்கும்," என்று அவரே எனக்கு வழி விட்டார். தலையாட்டினால் போதும். பாழாய்ப்போன தலை ஆட மறுத்தது.

"நான்தான் அழித்தேன்," என்றேன். புளியைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவருடைய முகமோ மலர்ந்தது.

"அப்படியென்றால் நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள்!" பேனாவையும் கடதாசியையும் நீட்டினார். "எழுத்து சாய்ந்திருந்ததா, நேராகவா? ஒரேயொரு எழுத்து எழுதிக் காட்டுங்கள், போதும்."

பேனாவை வாங்கினேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். விரலிடுக்கில் வழிந்த கறுப்புத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது.

"நான் பார்க்கவில்லை," என்றேன். "அழுக்கென்று நினைத்துவிட்டேன்."