ராய்ஸ் ஹாட்சர் சொன்ன தோட்டா

லியோனைக் குத்திக் கொன்ற காட்டுப்பன்றிக்கு வலப்பக்கக் கொம்புப்பல் பாதி உடைந்திருக்கும். வெர்னா அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். கடலைக்காட்டு வேலியோரம் அவள் புருஷனின் தொடையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சொந்த வீட்டுக்குத் திரும்புவதுபோல் அது நிதானமாக ஓடைப்பக்கம் நடந்து போனது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு வாரம் ஆயிற்று. துக்கவீட்டுக்கு ஊரார் கொண்டுவரும் கோழி வறுவலும் சோள ரொட்டியும் நின்றுவிட்டன. அவள் வயிற்றெரிச்சல் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பன்றி தன் கையால்தான் சாக வேண்டும் என்று ட்ரக்கை எடுத்துக்கொண்டு லாண்ட்ரியின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

கிழக்கு டெக்சாஸ் துப்பாக்கிக் கடையில் ஒரு கேள்வி கேட்டால் ஏழு பேர் பதில் சொல்வார்கள். அதில் ஆறு பேர் நாம் கேட்காதவர்கள். பன்றிக்கு எந்தத் துப்பாக்கி என்று அவள் கேட்டதும் அன்று முந்திக்கொண்டது ராய்ஸ் ஹாட்சர். பக்கத்துப் பண்ணைக்காரன், சர்ச்சில் மூப்பர், முப்பது வருஷமாகப் பன்றி சுடுகிறவன். நகரத்து ஆட்களைக் காசு வாங்கிக்கொண்டு தன் காட்டில் வேட்டையாட விடுவதுதான் அவன் பிழைப்பு.

"அந்த த்ரீ-நாட்-எய்ட் பெரிய துப்பாக்கியெல்லாம் உனக்கு எதுக்கு கண்ணு? தோளைப் பேத்துடும். சின்னது, டூ-டுவென்டி-த்ரீ போதும். தோட்டா இதை எடுத்துக்கோ, லேசு, நல்ல வேகம். நேரா அதோட தோள்ல வை, படுத்துடும்."

அவன் நகர்த்திய பெட்டியின் மேல் நரிப் படம் போட்டிருந்தது. அந்தத் தோட்டாவை வெர்னாவுக்குத் தெரியும். கோழிக்கூண்டுக்கு வரும் நரியைச் சுட லியோன் வாங்கி வைத்திருந்தான். பட்ட இடத்திலேயே பொடிப்பொடியாகச் சிதறும். ஆனாலும் சரியென்று தலையாட்டினாள். ராய்ஸ் தொப்பியைத் தொட்டு விடைபெற்றுப் போனான்.

"ராய்ஸ் பன்னிக்குப் போறப்ப இதைத்தான் வாங்குறாரா?" என்று கேட்டாள்.

லாண்ட்ரி வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தாளுக்கு என்ன பைத்தியமா? வயசான கடுவன் பன்னிக்குத் தோள்ல விரல் தடிமனுக்கு முரட்டுத் தோல் இருக்கும்மா. இது அதுலயே நொறுங்கிடும். அப்புறம் காயத்தோட உங்க மேலதான் பாயும். அவரு வாங்குறது இது." முழுக்கச் செம்பில் வார்த்த கனத்த குண்டு, த்ரீ-நாட்-எய்ட்டுக்கு உள்ளது.

"அப்ப எனக்கு எதுக்கு அதைச் சொன்னாரு?"

"பொம்பளைக்குத் துப்பாக்கி உதைக்கிறது தாங்காதுன்னு நினைச்சிருப்பாரு."

"அவரு முன்னாடியே கடலை மூட்டை தூக்கியிருக்கேன் நான்," என்றாள். "இந்தத் துப்பாக்கியைக் குடுங்க. செம்புக் குண்டு ஒரு பெட்டி. அவர்கிட்ட மூச்சு விடாதீங்க."

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். காற்று தன் முகத்தில் அடிக்கும்படி பார்த்து ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தாள். உடைந்த பல் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதன் தோளைக் குறிவைத்துச் சுட்டாள். விழுந்தது, எழுந்தது, அவளை நோக்கிப் பத்தடி ஓடிவந்து மூக்கைத் தரையில் குத்திச் சரிந்தது. கிட்டே போனவள் முதலில் அதை எட்டி உதைத்தாள். கால் வலிக்கும்வரை உதைத்தாள்.

அப்புறம்தான் காதைப் பார்த்தாள். இடது காதில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டு, அதற்குக் கீழே ஒரு துளை. ஆறிப் பல வருஷமான தழும்பு.

அந்த வட்டாரத்தில் பன்றிக் காதில் வெட்டும் குறி குடும்பத்துக்கு ஒன்று. கோர்ட் ஏட்டில் பதிந்தது, பாட்டன் காலத்திலிருந்து மாறாதது. இது ஹாட்சர் குடும்பத்தின் குறி. குட்டியாகப் பிடித்துக் குறிபோட்டு, கொம்புப்பல் வளரட்டும், வேட்டைக்கு நகரத்துக்காரன் கூடுதல் காசு கொடுப்பான் என்று அவிழ்த்து விட்டிருக்கிறான் பாவி. நரித் தோட்டாவைச் சொன்னதும் இதற்காகத்தான். அடிபட்ட பன்றி சதுப்புக்குள் ஓடிச் செத்தால் காதுக்குறி வெளியே வராது. அவளையே குத்திப் போட்டாலும் வராது.

மரங்களுக்கு மேலே ராய்ஸ் வீட்டுப் புகை தெரிந்தது. துப்பாக்கியில் இன்னும் மூன்று தோட்டா. கொஞ்ச நேரம் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போகிறவன் யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்தை அவனுக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. ட்ரக்கில் பாரம் இழுக்கும் வின்ச் கம்பியை மாட்டிப் பன்றியை மேலே ஏற்றினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, சர்ச் வாசலில் ட்ரக்கின் பின்கதவைத் திறந்து போட்டாள். துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆண்கள் கூடினார்கள். பல்லைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், ராய்ஸ் பக்கம் திரும்பினார்கள்.

"யாரோ என் குறியைத் திருட்டுத்தனமா வெட்டியிருக்கான்," என்றான் ராய்ஸ்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் அவன் மனைவி நடீன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அந்தக் குட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்."

ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான். "வெர்னா, அது இப்படிப் பண்ணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"லியோன் சாகுறதுக்கு முன்னாடி தெரியாது, சரி. கடையில வச்சு என்கிட்ட நரித் தோட்டாவை நீட்டினியே, அப்ப?"

வெர்னா பன்றியின் காலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள்.

"உன் குறி, உன் பன்னி. எடுத்துட்டுப் போ. என் லியோன் சவப்பெட்டியைத் தூக்க உன்கூட அஞ்சு பேர் வந்தாங்க. இதை நீ தனியா தூக்கு."

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு ராய்ஸ் குனிந்து பின்னங்கால்களைப் பிடித்தான். இழுத்தான். ஒரு முழம் நகர்ந்தது. அவன் ட்ரக் சாலைக்கு அந்தப்பக்கம் நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை.